ஹைட்டியின் வாளித் தண்ணீர்

ஆற்றோடு வந்த காலரா

கரீபியன் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதிதான் ஹைட்டி. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன அந்நாட்டை அதே ஆண்டு அக்டோபரில் காலரா பிடித்தது. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு, ஆர்ட்டிபோனிட் ஆற்றில் சேரும் ஓடையில் கலந்ததே தொடக்கம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மக்கள் குளித்ததும் துவைத்ததும் குடிக்க அள்ளியதும் அந்த ஆற்றில்தான். 2019 தொடக்கத்துக்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரை நோய் தாக்கியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஓய்ந்தது என்று நினைத்திருந்த வேளையில், 2022 அக்டோபரில் மறுபடி வந்தது.

குழாய் வரும்வரை

சுத்திகரிப்பு நிலையமும் வீட்டுக்கு வீடு குழாயும்தான் நிலையான தீர்வு. ஆனால் குழந்தைக்கு இன்றைக்கே தாகம் எடுக்கிறதே! அதனால்தான் வீட்டு வடிகட்டிகள் அங்கே உயிர்காக்கும் பொருளாகின.

ஒன்று, மணல் வடிகட்டி. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990களில் உருவாக்கியது. கான்கிரீட் பெட்டி, அடியில் சரளை, மேலே மணல். மணலுக்கு மேல் எப்போதும் சுமார் 5 செ.மீ. தண்ணீர் நிற்கும். மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று வளர்ந்து, நோய்க்கிருமிகளை அழிக்கிறது. அது முற்ற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் வடியும் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் கலந்தோதான் குடிக்க வேண்டும். பெட்டியை இடம் மாற்றினால் மணல் குலைந்து பலன் போய்விடும்.

மற்றொன்று, பிளாஸ்டிக் வாளியில் பொருத்தும் நுண்குழல் வடிகட்டி. அதன் துளை 0.1 மைக்ரான். காலராக் கிருமி அதைவிடப் பெரியது, நுழைய முடியாது. வைரஸ் நுழைந்துவிடும், அதற்குக் குளோரின்தான் துணை. கலங்கல் நீரில் துளைகள் அடைத்துக்கொள்ளும். சுத்தமான நீரைச் சிரிஞ்சில் எடுத்து எதிர்த்திசையில் அடித்துக் கழுவ வேண்டும். இதைச் சொல்லித்தராமல் வாளியைக் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு போகும் உதவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. உடைந்த குழாய்க்கு மாற்று கிடைக்கவும், சந்தேகம் வந்தால் கேட்கவும் அந்த ஊரிலேயே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

உப்பு போகாது

தீவுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரையோரக் கிணற்றில் கடல்நீர் ஏறியிருந்தால் இந்த இரண்டு வடிகட்டிகளாலும் உப்பை எடுக்க முடியாது. அங்கே கூரை மழைநீரைச் சேமித்து, அதை வடிகட்டிக் குடிப்பதே நல்ல வழி.

வடிகட்டிய பிறகு

வடிந்த நீரை அகன்ற பாத்திரத்தில் பிடித்து, கைபட்ட குவளையால் மொண்டால் கிருமி திரும்பவும் சேர்ந்துவிடும். மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் வேண்டும். அதையும் அடிக்கடி கழுவ வேண்டும்.

நோய் வந்துவிட்டால்

அரிசி கழுவிய தண்ணீர்போல் பேதி போனால் தாமதிக்கக் கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே காலரா உயிரைப் பறித்துவிடும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுத்தாலும் நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி மெதுவாகக் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலையும் தொடர வேண்டும்.