இடித்தவன் யாரென்று செங்கல் சொல்லும்

கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் போய் நின்று சோழர் அரண்மனையைத் தேடினால் பள்ளங்கள்தான் தெரியும். சுவர் இருந்த கோட்டிலேயே பள்ளம் ஓடுகிறது. சோழன் வீட்டுச் செங்கல்லை ஊரார் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி, வீடு கட்ட எடுத்துப் போன தடம் அது. 1980 முதல் நடக்கும் அகழாய்வுகளில் மிஞ்சிய அடித்தளங்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் வெளிவந்திருக்கின்றன. அரண்மனை எப்போது விழுந்தது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் ‘பாண்டியர் காலம்’ என்ற பொத்தாம்பொதுவான பதில்தான். கடைசிச் சோழ அரசன் மூன்றாம் இராசேந்திரன் பெயர் 1279க்குப் பிறகு கல்வெட்டில் இல்லை. கதையும் அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய சாட்சி செங்கல்லும் ஓடும்தான்.

களிமண்ணில் இரும்புத் துகள்கள் உண்டு. ஏறத்தாழ 580 டிகிரி சூட்டைத் தாண்டினால் அவற்றில் முக்கியமான மேக்னடைட் தன் காந்தத்தை மறந்துவிடும். சூடு ஆறும்போது, அந்த நேரத்துப் பூமியின் காந்தப் புலம் எந்தத் திசையில், எவ்வளவு வலிமையோடு இருந்ததோ, அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பூமியின் காந்தமோ ஓயாமல் மாறுவது. தேதி தெரிந்த சில தீ விபத்துகளை வைத்து அந்த மாற்றத்தை வரைபடமாக்கிவிட்டால், தேதி தெரியாததை அதில் பொருத்திப் பார்க்கலாம்.

இஸ்ரேலில் செய்து காட்டிவிட்டார்கள். டெல் அவிவ், எருசலேம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 17 இடங்களின் 21 அழிவு அடுக்குகளை அளந்து, 2022 அக்டோபரில் முடிவுகளை வெளியிட்டார்கள். கி.மு. 586இல் எரிந்த எருசலேம் அவர்களுக்கு ஓர் அளவுகோல். பெத் சான் நகரை எரித்தவன் டமாஸ்கஸ் அரசன் ஆசகேல் என்று பலர் சொல்லிவந்தார்கள். அவன் படையெடுப்புக்கு 70 முதல் 100 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் எரிந்துவிட்டது என்றது காந்தம். செய்யாத குற்றத்தை ஒருவன் எத்தனை காலம் சுமந்திருக்கிறான்!

நம்மிடமும் அளவுகோல் இருக்கிறது. 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், தஞ்சையையும் உறந்தை என்ற உறையூரையும் எரித்ததைத் தன் மெய்க்கீர்த்தியிலேயே பெருமையாகப் பொறித்து வைத்தான். அந்தச் சாம்பல் அடுக்கு கிடைத்தால் நம் வரைபடத்துக்கு முதல் புள்ளி கிடைத்துவிடும். தமிழகத்துப் பானைகளைக் காந்த முறையில் அளக்கும் வேலை 1980களிலேயே நடந்ததுதான்.

ஒரு நிபந்தனை உண்டு. சூளையில் வெந்த செங்கல், தான் வெந்த நாளைத்தான் சொல்லும். அரண்மனை வெறுமனே இடிபட்டிருந்தால் விழுந்த நாள் அதில் பதியாது. மறுபடி நன்றாக எரிந்திருந்தால்தான் பதியும். ஓடும் ஆணியும் கிடைத்த இடத்தில் மரக்கூரை இருந்திருக்கும். மரக்கூரை தீப்பிடித்தால் கீழே உள்ள மண் தரை நன்றாக வெந்துவிடும். தேட வேண்டியது அந்தத் தரையைத்தான். காசும் கல்வெட்டும் கரிமக் கணிப்பும் போதும் என்பாரும் உண்டு, இருக்கட்டும்.

என் கவலை வேறு. இருந்த இடத்தில் அசையாமல் கிடக்கும்வரைதான் செங்கல்லுக்குத் திசை தெரியும். ஒருமுறை பெயர்த்துவிட்டால் வலிமையை அளக்கலாம், திசை போனது போனதுதான். எந்த அடுக்கில் கிடந்தது என்பதும் அதோடு போய்விடும். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களையே பெயர்த்துப் போனார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் செங்கல் எம்மாத்திரம்? இன்று கடப்பாரைக்குப் பதில் பொக்லைன். ஒரு மேட்டைச் சமன் செய்ய ஒரு பொழுது போதும். சாத்தனூரின் 18 மீட்டர் கல்மரத்துக்கு வேலி போட்ட பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில், கருகிய மண்ணுக்கு வேலி போட யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. அடுத்த குழி வெட்டும்போது எரிந்த மண்கட்டி கண்ணில் பட்டால், அதைப் பெயர்க்கும் முன் மேற்பரப்பைச் சமனாக்கி, வடக்கு பார்த்து ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். எந்தப் பாண்டியன், அல்லது பாண்டியனே இல்லையா என்ற வழக்குக்கு அந்தக் கோடுதான் முதல் வாக்குமூலம்.