கடலில் பிறந்த கொடுவா பண்ணைக்குட்டைக்கு வரும் வழி

"குஞ்சு இறக்கும்போது நல்லா துள்ளிக்கிட்டுத்தான் இருந்துச்சுங்க. மூணாம் நாள் பார்த்தா, கரை ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையா ஒதுங்கிக் கிடக்கு."

பண்ணைக்குட்டையில் கொடுவா விட்டுக் கைசுட்டுக்கொண்டவர்களின் வழக்கமான புலம்பல் இது. பழியைப் பெரும்பாலும் பொரிப்பகத்தின் மீதோ குட்டைத் தண்ணீரின் மீதோ போட்டுவிடுவார்கள். நடுவில் ஒரு ராத்திரி முழுக்க வண்டியில் வந்த பயணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய குஞ்சு அந்தப் பயணத்தாலும் போகலாம்.

கெண்டைக் குஞ்சு வாங்கிப் பழகியவர்களுக்குக் கொடுவா புதுச் சரக்கு. இது கடலில் முட்டையிடும் மீன். குஞ்சுகள் கழிமுகம் வழியாக மேலேறி, ஆற்றிலும் காயலிலும் வளரும். இனப்பெருக்கத்துக்குத் திரும்பவும் கடல்பக்கம் போய்விடும். அதனால்தான் நல்ல தண்ணீர், உவர் தண்ணீர் இரண்டிலும் இதை வளர்க்க முடிகிறது. ஆனால் குஞ்சு பொரிக்கக் கடல் தண்ணீர் வேண்டும் என்பதால் பொரிப்பகங்கள் கடற்கரையில்தான் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைப் பொரிப்பகத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்தது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் பொரிப்பகம் இருக்கிறது. முட்டுக்காட்டிலிருந்து தென்காசிப் பக்கம் போக ஏறக்குறைய 600 கிலோமீட்டர். தர்மபுரிக்காரர் தொடுவாய் போய் வாங்கினாலும் ஓர் இரவு வேலைதான்.

புறப்படும் முன்பே ஆரம்பிக்கிறது வேலை

குஞ்சுக்குச் சொல்லி வைக்கும்போதே, குட்டைத் தண்ணீரின் உப்புத்தன்மை எவ்வளவு என்பதையும் பொரிப்பகத்தில் சொல்லிவிட வேண்டும். கடல் நீரில் உப்பு ஏறக்குறைய 35 பி.பி.டி., அதாவது லிட்டருக்கு 35 கிராம். கிணற்றுத் தண்ணீரில் அது ஒன்றுக்கும் கீழே இருக்கலாம். கொடுவா இரண்டையும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போட்டால் தாங்காது. பொரிப்பகத் தொட்டியிலேயே சில நாட்கள் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குட்டையின் அளவுக்கு இறக்கிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு வாரம் முன்னதாகவாவது தகவல் போக வேண்டும். போன அன்றைக்கே குஞ்சு கேட்டால் கடல் தண்ணீரில் இருப்பதைத்தான் அள்ளித் தருவார்கள்.

சிலர் குட்டையில் கல்லுப்பு மூட்டையைக் கொட்டிச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீரை நாளைக்கு வயலுக்குப் பாய்ச்ச வேண்டியிருக்கும். மீனுக்காக மண்ணைக் கெடுத்துக்கொள்வது என்ன கணக்கு?

இன்னொரு சங்கடம், இது கூடப் பிறந்ததையே விழுங்கும் மீன். தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் குஞ்சைக்கூட வாயில் திணித்துக்கொள்ளும். பாதி விழுங்கி, தொண்டையில் சிக்கி, இரண்டும் சேர்ந்து செத்துக் கிடப்பதும் உண்டு. பயணத்துக்கு முன் ஒரு நாள் தீனியை நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த குஞ்சு பைக்குள் கழிந்து தண்ணீரைக் கெடுத்துவிடும். ஆனால் பசித்த கொடுவா பக்கத்துக் குஞ்சைத்தான் பார்க்கும். ஆகவே தரம் பிரித்து, ஒரே அளவுக் குஞ்சுகளாக வைத்த பிறகுதான் பட்டினி போட வேண்டும். "கலந்து எண்ணிப் போடுங்க, எல்லாம் ஒண்ணுதானே" என்று அவசரப்பட்டால் ஊர் வந்து சேரும்போது எண்ணிக்கை குறைந்திருக்கும்.

பைக்குள் நடப்பது என்ன?

பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன். கெண்டைக்கும் இதே கணக்குதான். கொடுவாவின் முதுகுத் துடுப்பில் முள் உண்டு என்பதால் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைப் பை அவசியம். பையின் கீழ் மூலைகளை மடக்கிக் கட்டாவிட்டால் குஞ்சுகள் அங்கே ஒதுங்கி நசுங்கும். மூன்று நான்கு அங்குலம் வளர்ந்த குஞ்சு என்றால் பை சரிப்படாது. சிலிண்டர் வைத்த தொட்டி வண்டிதான் நல்லது. தொட்டியில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். அரைத்தொட்டித் தண்ணீர் பள்ளம் மேட்டில் அலையடித்துக் குஞ்சைச் சுவரில் மோத வைக்கும்.

எத்தனை மணி நேரப் பயணம் என்பதை வைத்துத்தான் ஒரு பைக்கு எத்தனை குஞ்சு என்று பொரிப்பகத்தார் முடிவு செய்வார்கள். இங்கே நேரத்தைக் குறைத்துச் சொல்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு. எட்டு மணி நேரம் ஆகும் என்றால் பன்னிரண்டு என்று சொல்லுங்கள். பை கூடும், செலவும் கொஞ்சம் கூடும். டயர் பஞ்சரானால் அந்தச் செலவின் அருமை தெரியும்.

தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். அதே நேரத்தில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடும். அதனால்தான் ராத்திரிப் பயணம். தெர்மாகோல் பெட்டியில் பையை வைத்து, ஐஸ் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிப் பைகளுக்கு இடையில் செருகினால் போதும். பைக்குள் ஐஸ் போடக்கூடாது. பெட்டியை மூடி இருட்டாக வைத்தால் குஞ்சு அடங்கி இருக்கும். வழியில் வண்டியை நிறுத்தி வைப்பதும் நல்லதல்ல. வண்டி ஆடும்போதுதான் மேலே இருக்கும் ஆக்சிஜன் தண்ணீரில் கலக்கிறது. "உசுரோட இருக்கா பாப்போம்" என்று பையைப் பிரித்தால் ஆக்சிஜன் போய்விடும். திரும்ப நிரப்ப நடுவழியில் சிலிண்டருக்கு எங்கே போவது?

பை திறக்கும் அந்தப் பத்து நிமிடம்

அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இதுதான்.

மீன் விடும் மூச்சில் கரியமில வாயு வருகிறது. செவுள் வழியாக அம்மோனியா வருகிறது. பூட்டிய பைக்குள் இரண்டும் சேர்ந்துகொண்டே போகும். கரியமில வாயு கரைவதால் பைத் தண்ணீரின் பி.ஹெச். இறங்குகிறது. பி.ஹெச். குறைவாக இருக்கும்வரை அம்மோனியாவில் பெரும்பகுதி அவ்வளவாக விஷமில்லாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு பறந்துவிடும், பி.ஹெச். ஏறும், அடங்கியிருந்த அம்மோனியா விஷமாக மாறும். பி.ஹெச். ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால் விஷ வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. திறந்த பைக்குள் குட்டைத் தண்ணீரை ஊற்றினாலும் இதுதான் நடக்கும்.

"குட்டைத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, நல்லா பழக்கி விடுங்க" என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த கெண்டைக் குஞ்சுக்கு அது சரி. ராத்திரி முழுக்க வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பழக்கினால், குஞ்சு அந்த விஷத்தில் ஊறும். செவுள் வெந்துபோன குஞ்சு அப்போதைக்கு நீந்தித்தான் போகும். மூன்றாம் நாள் கரை ஒதுங்குவது இப்படிப்பட்ட குஞ்சுதான்.

ஆகவே பழக்குவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உப்பைப் பழக்கும் வேலை பொரிப்பகத்திலேயே முடிந்திருக்க வேண்டும். சூட்டைப் பழக்க, பையைத் திறக்காமலே குட்டையின் நிழலான ஓரத்தில் அரை மணி நேரம் மிதக்க விட வேண்டும். பைத் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, தாமதிக்காமல் குஞ்சை மென்மையான கைவலையில் வடித்துக் குட்டைத் தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு பையை முடித்த பிறகு அடுத்ததைத் திறந்தால் போதும். பத்துப் பையையும் வரிசையாக அறுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது.

இதற்குக் காலை ஏழு, எட்டு மணி நல்ல நேரம். விடியலில் குட்டையில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். மதியத்துக்கு மேல், பச்சையாக இருக்கும் குட்டையில் பாசி வெயிலில் வேலை செய்து பி.ஹெச்.சை ஒன்பது வரைகூட ஏற்றிவிடும், தண்ணீரும் கொதிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து சேர்கிற மாதிரி பகலில் வண்டி ஓட்டுவது எல்லாவற்றையும் விட மோசம்.

முதல் இரண்டு நாள்

குஞ்சை நேராகக் குட்டையில் கொட்டிவிட்டால் எத்தனை பிழைத்தது என்று தெரியவே தெரியாது. செத்ததில் ஒரு பகுதி அடியில் கிடந்து மட்கிவிடும், கொஞ்சத்தைக் கொக்கு தூக்கிவிடும். குட்டையிலேயே நாலு கம்பு நட்டு ஹாப்பா வலை கட்டி, அதில் விடுவதுதான் கொடுவாவுக்குப் பொருத்தம். விரலளவு தாண்டும்வரை அதிலேயே வைத்து வளர்க்கலாம். வாரத்துக்கு ஒரு முறையாவது தரம் பிரிக்கவும் அதுதான் வசதி. ஏற்கெனவே குட்டையில் கெண்டைக் குஞ்சு இருந்தால் கொடுவாவை வெளியே விடுவதை மறந்துவிட வேண்டியதுதான். கெண்டை தீனியாகிவிடும்.

அன்றைக்கே தீனி போட வேண்டாம். மறுநாள் காலையில் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள். மேலே பாய்ந்து வந்து கவ்வினால் செவுள் நன்றாக இருக்கிறது. மூலையில் கருத்துப்போய் ஒதுங்கி நிற்கும் குஞ்சுகளையும் செத்தவற்றையும் எடுத்து, இரண்டு நாளும் தனித்தனியாக எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள். பொரிப்பகத்தில் பேசப் போகும்போது அந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும். கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம், பையின் எண்ணிக்கை, பைத் தண்ணீரின் சூடு, குட்டையின் சூடு ஆகியவையும் அதிலேயே இருக்கட்டும்.