நுரையீரல் சுருக்கம்: எக்ஸ்ரே தவறவிடுவதை அல்ட்ராசவுண்ட் கண்டறிவது எப்படி?

கொச்சி: கொச்சி கலூர் ஜவஹர்லால் நேரு மைதானத்தில் 2024 டிசம்பர் 29-ம் தேதி, நடன நிகழ்ச்சிக்காக அமைக்கப்பட்டிருந்த தற்காலிக மேடையில் இருந்து தவறி விழுந்த திருக்காக்கரை எம்எல்ஏ உமா தாமஸுக்குத் தலையிலும் நுரையீரலிலும் காயம் ஏற்பட்டது. செயற்கை சுவாசக் கருவியின் உதவியுடன் சிகிச்சை பெற்ற அவர், பின்னர் வீடு திரும்பினார். உயரத்தில் இருந்து விழுவோருக்கும் சாலை விபத்தில் சிக்குவோருக்கும் மார்பில் அடிபட்டால், மருத்துவர்கள் உடனடியாகத் தேடும் ஆபத்துகளில் ஒன்று நுரையீரல் சுருக்கம்.

நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்று புகுந்து, நுரையீரல் சுருங்கிவிடும் நிலை இது. மருத்துவத்தில் நியூமோதோராக்ஸ் எனப்படுகிறது. சேரும் காற்றின் அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்த ஓட்டம் தடைபட்டு, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

படுத்திருக்கும் நோயாளியின் மார்பில் காற்று முன்பக்கமாக மேலெழுந்து பரவுவதால், எக்ஸ்ரே படத்தில் அது பல நேரங்களில் புலப்படுவதில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியை அதே முன்பக்கத்தில், விலா எலும்புகளுக்கு இடையே வைத்துப் பார்க்கலாம். இயல்பான நிலையில், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலின் உறை மார்புச் சுவரின் உள்ளுறையோடு உரசி நகர்வது திரையில் தெரியும். இடையே காற்று புகுந்துவிட்டால் இந்த அசைவு மறைந்துவிடும்.

குதிரைகளிடம் 1986-ல் விவரிக்கப்பட்ட இந்த அடையாளத்தை, பிரான்ஸ் மருத்துவர் டேனியல் லிச்சென்ஸ்டைன் 1995-ல் மனிதர்களிடம் பயன்படுத்திக் காட்டினார். காயமடைந்த 1,271 பேரை உள்ளடக்கிய 9 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2020-ல் மதிப்பீடு வெளியிட்டது. அதன்படி, அல்ட்ராசவுண்ட் 91 சதவீத பாதிப்புகளையும், படுத்த நிலையில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே 47 சதவீத பாதிப்புகளையும் மட்டுமே கண்டறிந்தன.

எனினும், அசைவு தென்படாததை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. பழைய காசநோயால் உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும், சுவாசக் குழாய் ஒரு நுரையீரலுக்குள் மட்டும் சென்றிருந்தாலும் அசைவு இருக்காது. அசைவு உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் சந்திக்கும் இடம் திரையில் தெரிந்தால், நுரையீரல் சுருக்கம் உறுதியாகிறது. நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்குப் போராடும் நிலையில், எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் மார்பில் இருந்து காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதே மருத்துவ நடைமுறை.

மட்டாஞ்சேரியில் இருந்து எர்ணாகுளத்தின் பெரிய மருத்துவமனைகளுக்குச் சாலை வழியே செல்வோர் பாலங்களைக் கடந்தாக வேண்டும். இத்தகைய இடங்களில், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே படுக்கையருகே நடத்தக்கூடிய பரிசோதனை நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் கருவிகளைப் பதிவு செய்வது கட்டாயம். கையடக்கக் கருவிகளைப் பதிவு பெற்ற மருத்துவமனை வளாகத்தில் உள்நோயாளிகளுக்கோ, பல்வேறு சேவைகள் வழங்கும் நடமாடும் மருத்துவப் பிரிவிலோ மட்டுமே பயன்படுத்தலாம் என 2012-ல் விதி திருத்தப்பட்டது. எனவே, மார்பைப் பரிசோதிக்க மட்டுமே கருவி வாங்கும் மருத்துவமனையும் இந்த விதிகளுக்கு உட்பட்டே செயல்பட வேண்டும்.