கல்வராயன் மலையும் கீழ்நாட்டு விவசாயமும்

ஹிமாலயத்தில் கங்கோத்திரி முதலிய பனியாறுகள் தாம் நகரும் வழியிலுள்ள பாறைகளைத் தேய்த்து, தொட்டிபோல் அடியகன்ற பள்ளத்தாக்குகளை உண்டாக்குகின்றன. கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையின் பள்ளத்தாக்குகள் அவ்வாறு உண்டானவையல்ல. மழையும் ஓடைகளுமே இவற்றை அறுத்தன. ஆகையால் இவை பெரும்பாலும் அடி குறுகியவை.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இம்மலை ஏறக்குறைய 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயரமுள்ளது. வடபாகம் சின்னக் கல்வராயன் என்றும், தென்பாகம் பெரிய கல்வராயன் என்றும் வழங்கும். இங்குள்ள முக்கியமான பாறை சார்னகைட் என்னும் கருங்கல் வகை. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் சமாதிக்கல் இவ்வினத்ததாகையால், தாமஸ் ஹாலந்து என்னும் பூகர்ப்ப சாஸ்திரி 1893-ல் இதற்கு அப்பெயரிட்டார். சென்னையை அடுத்த பரங்கிமலையும் இவ்வினக் கல்லே. இத்தகைய பாறைகள் பூமியின் ஆழத்தில் மிகுந்த உஷ்ணத்தில் உருவானவை. மேலிருந்தவை கோடிக்கணக்கான வருஷங்களில் தேய்ந்து நீங்கியதால் வெளிப்பட்டன.

மழைஜலம் வெடிப்புகளின் வழியே புகுந்து கல்லை மக்கச் செய்கிறது. கல்லின் ஒரு பகுதி களிமண்ணாகிறது; அதிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதால் மண் சிவப்பு நிறம் பெறுகிறது. இவ்விதம் ஓரங்குல மண் உண்டாவதற்குப் பல நூறு வருஷங்கள் செல்லும். காப்பற்ற சரிவிலிருந்து அது சில பெருமழைகளிலேயே போய்விடக்கூடும்.

இந்நஷ்டம் மலைவாசிகளுக்கு மட்டுமன்று. கெட்டிப் பாறையில் ஜலம் தங்காது. மேலே மக்கிய அடுக்கிலும் கீழேயுள்ள வெடிப்புகளிலுமே தங்கும். கிணறுகளுக்கு ஊற்று அங்கிருந்தே வருகிறது. மலையில் மண் குறைந்தால் மழைஜலம் ஊறாமல் ஓடிவிடும். கோமுகியும் மணிமுக்தாவும் இம்மலையிலேயே உற்பத்தியாகின்றன. அரிக்கப்பட்ட மண், கச்சிராயபாளையம் அருகேயுள்ள கோமுகி அணை போன்ற தேக்கங்களில் படிந்து, ஜலம் கொள்ளும் இடத்தைக் குறைக்கும்.

ஆகவே சரிவு நிலங்களில் மேலிருந்து கீழாக உழாமல் குறுக்கே உழுதலும், சம உயர வரப்புகள் இடுதலும், வரப்புகளில் வெட்டிவேர் நடுதலும் அவசியம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகையில் மண் இளகுமாதலால் அந்நிலங்களில் இவை இன்னும் அவசியம். கீழ்நாட்டு மிராசுதார்கள் ஏரி வண்டலை உரிய அனுமதி பெற்று எடுத்து வயலுக்கு இடலாம். ஏரியும் ஆழமாகும், நிலமும் வளம்பெறும். கிராம அதிகாரிகள் வரத்துக் கால்வாய்களும் ஓடைக்கரை மரங்களும் அழியாமற் காக்க வேண்டும். கல் மண்ணாவதற்குச் சென்ற காலத்தை எந்த உரத்தாலும் ஈடுசெய்ய இயலாது.