லினக்ஸ் போட்டாச்சு... வை-ஃபை எங்கே பாஸ்?

'லினக்ஸா? அது கறுப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து ஓடுற சமாச்சாரமாச்சே!' என்று பத்தடி தள்ளி நின்றவர்கள்கூட இப்போது பென் டிரைவும் கையுமாக ஹாஸ்டல் வராந்தாவில் அலைகிறார்கள். காரணம் சிம்பிள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 'சரி, விண்டோஸ் 11-க்குத் தாவிடலாம்' என்று போனால், 'டி.பி.எம். 2.0 இருக்கா? பிராசஸர் புதுசா?' என்று வாசலிலேயே இன்டர்வியூ வைக்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையில் இருந்துதான் உள்ளே அனுமதி. அண்ணன் படித்து முடித்துக் கைமாற்றிவிட்ட லேப்டாப், செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப் எல்லாம் அவுட்!

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை ஓரம் கட்டிவிட்டுப் புதுசு வாங்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. செமஸ்டர் ஃபீஸுக்கே அப்பா சீட்டு எடுக்கிற வீடுகள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு லினக்ஸ்தான் நல்ல சாய்ஸ். இலவசம், பழைய மெஷினிலும் ஓடும். ஆனால், ஆசையாக இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தால் வை-ஃபை காணோம், சத்தம் வரலை, ஸ்கிரீன் இருட்டு. 'ஆளை விடு சாமி' என்று ஓடிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க ஃப்ரெண்ட்ஸ்! இதில் பாதிப் பிரச்னை அரை மணி நேரத்தில் தீருகிற பிரச்னை. எதை எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

டிரைவர் எங்கே இருக்கார்?

முதலில் ஒரு பேஸிக். விண்டோஸில் டிரைவர் என்பது பெரும்பாலும் சிப் தயாரித்த கம்பெனி எழுதித் தருவது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயசு ஸ்டூடன்ட் ஆரம்பித்து வைத்ததுதான் இந்த கெர்னல். அதனால்தான் பத்து வருஷப் பழைய லேப்டாப்பில் ஒரு சி.டி.கூடப் போடாமல் எல்லாமே ஓடும். போன மாசம் வந்த லேப்டாப்பிலோ வை-ஃபை மக்கர் பண்ணும். சிப் புதுசு, கெர்னல் பழசு. கெர்னலுக்கு அந்த சிப்பை இன்னும் யாரும் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை, அவ்வளவுதான்!

ஸோ, ரூல் நம்பர் ஒன்: புது லேப்டாப் என்றால் லினக்ஸின் லேட்டஸ்ட் வெர்ஷனையே போடுங்க. சீனியர் ரெண்டு வருஷம் முன்னாடி காப்பி பண்ணிக் கொடுத்த பென் டிரைவ் வேண்டாம்.

ரெண்டாவது விஷயம், ஃபர்ம்வேர். டிரைவர் இருந்தாலும், சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஒரு குட்டி ஃபைல் தனியாகத் தேவைப்படும். அது சிப் கம்பெனியின் சொத்து, சோர்ஸ் கோட் கிடைக்காது. கொள்கைப் பிடிப்புள்ள டெபியன் மாதிரி டிஸ்ட்ரோக்கள் ரொம்ப வருஷம் இதைத் தங்கள் அதிகாரபூர்வ சி.டி.யில் சேர்க்கவே இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இருந்துதான் சேர்த்தே கொடுக்கிறார்கள். உங்க கையில் இருப்பது அதற்கு முந்தின டெபியன் என்றால், வை-ஃபை வராததற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

தாலி கட்டும் முன் பொண்ணு பாருங்க!

லினக்ஸில் ஒரு சூப்பர் வசதி உண்டு. இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு 'லைவ்' மோடு என்று பெயர். உபுண்டு, லினக்ஸ் மின்ட் ரெண்டிலும் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கைத் தொடவே தொடாது. அந்த மோடிலேயே ஒரு காபி குடிக்கிற நேரம் செலவு பண்ணி இதையெல்லாம் செக் பண்ணிடுங்க:

வை-ஃபை கனெக்ட் ஆகுதா? ஸ்பீக்கர், ஹெட்போன், மைக் மூன்றும் ஓகேவா? கேமரா? ப்ளூடூத்? டச்பேடில் ரெண்டு விரல் ஸ்க்ரோல்? வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற கீ? மூடியை மூடித் திறந்தால் மெஷின் எழுந்திரிக்குதா? இந்தக் கடைசி டெஸ்ட்டை மறந்துடாதீங்க. தூங்காத லேப்டாப்பைப் பைக்குள் போட்டால் சூடாகும், பேட்டரியும் காலி!

விண்டோஸையும் வைத்துக்கொண்டு லினக்ஸையும் போடுகிறவர்களுக்கு இன்னும் மூன்று வேலை இருக்கிறது. முதல் வேலை பேக்கப். ஃபைனல் இயர் புராஜெக்ட் இருக்கிற டிஸ்க்கில் பார்ட்டிஷனைக் கை வைக்கும் முன், வேறு இடத்தில் ஒரு காப்பி கட்டாயம். ரெண்டாவது, பிட்லாக்கர். நிறைய விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் ஏதாவது மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அதை முன்னாடியே எடுத்துப் பேப்பரில் எழுதி வையுங்க. மூன்றாவது, விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தால் விண்டோஸ் முழுசாக ஷட்டவுன் ஆகாது. லினக்ஸில் இருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும்.

சில லேப்டாப்களில் இன்ஸ்டால் பண்ணும்போது எஸ்.எஸ்.டி.யே கண்ணில் படாது. பயாஸில் இன்டெல்லின் 'ஆர்.எஸ்.டி.' அல்லது 'வி.எம்.டி.' ஆன்ல இருப்பது காரணமாக இருக்கலாம். 'ஏ.ஹெச்.சி.ஐ.' மோடுக்கு மாற்றினால் தெரியும். ஆனால் சட்டென்று மாற்றிவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி செட் பண்ணி, அப்புறம் பயாஸில் மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் விண்டோஸைத் திறந்து மூடணும். அதற்குப் பிறகுதான் லினக்ஸ்.

சிப்புக்கும் ரோல் நம்பர் உண்டு!

இன்ஸ்டால் ஆகிவிட்டது. ஆனால் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. 'என் லேப்டாப்ல வை-ஃபை வரலை' என்று புலம்பினால் யாராலும் உதவ முடியாது. ஒரே மாடல் லேப்டாப்பிலேயே இந்த பேட்ச்சில் ஒரு சிப், அடுத்த பேட்ச்சில் வேற சிப் இருக்கலாம். ஸோ, முதலில் சிப்பின் பெயரைக் கண்டுபிடிங்க.

டெர்மினலைத் திறந்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்று அடிங்க (புள்ளி கிடையாது, எல்லாம் சின்ன எழுத்து). ஒரு ஸ்பேஸ் விட்டு, ஹைபன் போட்டு, என்.என்.கே. என்று சேர்த்துக்கோங்க. மெஷினுக்குள் இருக்கிற சிப்களின் லிஸ்ட் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நாலு இலக்கம். முதல் நாலு கம்பெனி, அடுத்த நாலு மாடல். 8086 என்று ஆரம்பித்தால் இன்டெல். ஆமாம், மைக்ரோபிராசஸர் லேபில் நம்மைப் படுத்தி எடுக்கிற அதே 8086 தான்! 1002 என்றால் ஏ.எம்.டி.யின் கிராஃபிக்ஸ் சிப். யு.எஸ்.பி.யில் செருகுகிற அயிட்டங்களுக்கு எல்.எஸ்.யு.எஸ்.பி. என்ற கமாண்ட்.

இப்போது அந்த சிப்புக்குக் கீழே பாருங்க. 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தாச்சு, பிரச்னை வேற எங்கோ. 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி மட்டும் இருந்தால் டிரைவர் வந்திருக்கார், ஸ்டியரிங்கைப் பிடிக்க ஏதோ தடுக்குது. ரெண்டுமே இல்லையென்றால் ஆளே வரலை. புது கெர்னலோ, தனி டிரைவரோ தேவை. தடுப்பது எது என்று தெரிய, சூடோ போட்டு டி.எம்.இ.எஸ்.ஜி. என்று அடித்தால் கெர்னலின் டைரியே வந்து விழும். அதில் 'ஃபர்ம்வேர்' பக்கத்தில் 'ஃபெயில்டு' என்று இருந்தால் குற்றவாளி சிக்கிட்டான்.

வை-ஃபை வர, வை-ஃபை வேணும்!

லினக்ஸ் புதுமுகங்களின் பெரிய கொடுமை இதுதான். வை-ஃபை டிரைவரை டவுன்லோட் பண்ண நெட் வேணும். நெட்டுக்கு வை-ஃபை வேணும். கோழியா, முட்டையா?

பதில் உங்க பாக்கெட்டிலேயே இருக்கு. ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் பண்ணுங்க. லினக்ஸ் அதைக் கேபிள் இணைப்பு மாதிரியே எடுத்துக்கொள்ளும். தனியாக எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். போனில் ஹாஸ்டல் வை-ஃபை ஓடினாலும் அதே நெட் லேப்டாப்புக்கு வரும். டேட்டா பேக் காலியாகுமே என்ற கவலையும் இல்லை!

நெட் வந்ததும் உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து பாருங்க. பழைய லேப்டாப்களின் பிராட்காம் சிப்புகளுக்குத் தேவையான டிரைவர் பெரும்பாலும் அங்கேயே காத்திருக்கும். அதற்கு முன் ஆர்.எஃப்.கில் லிஸ்ட் என்று ஒரு கமாண்ட் அடித்துப் பார்ப்பது நல்லது. 'ஹார்டு பிளாக்டு: எஸ்' என்று வந்தால் டிரைவர் பாவம், அதன் மேல் தப்பில்லை. கீபோர்டில் இருக்கிற ஏரோப்ளேன் பட்டனை யாரோ அமுக்கியிருக்காங்க!

இருட்டு ஸ்கிரீன்... நீல ஸ்கிரீன்!

கேமிங் லேப்டாப் ஆசாமிகளுக்கு வருகிற பிரச்னை கறுப்புத் திரை. என்விடியா கார்டு இருக்கிற சில மெஷின்களில் லினக்ஸ் ஆரம்பிக்கும்போதே டிஸ்ப்ளே செத்துப்போகும். பூட் மெனு வரும்போது 'இ' கீயைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்குகிற வரியின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் ஒரே வார்த்தையாக அடித்து, எஃப் 10 தட்டுங்க. ரெசல்யூஷன் சுமாராக இருந்தாலும் திரை வந்துவிடும். இது முதலுதவி மட்டுமே. உள்ளே போய் டிரைவர் மேனேஜரில் 'ரெகமெண்டட்' என்று போட்டிருக்கிற என்விடியா டிரைவரைப் போட்டால்தான் முழு ட்ரீட்மென்ட். கம்பெனி சைட்டில் இருந்து நேராக இறக்கிப் போட்டால், அடுத்த கெர்னல் அப்டேட்டில் மறுபடி இருட்டு வரலாம்.

2012-ல் பின்லாந்தின் ஆல்டோ யுனிவர்சிட்டி மேடையில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைத் திட்டி நடுவிரலே காட்டினார் என்றால் பார்த்துக்கோங்க. அதே என்விடியா 2022 மே மாதம் தன் கெர்னல் டிரைவர் பகுதியின் சோர்ஸ் கோடை வெளியிட்டது தனிக் கதை.

இந்த டிரைவரைப் போடும்போது, செக்யூர் பூட் ஆன்ல இருந்தால் ஒரு பாஸ்வேர்டு உருவாக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் ஒரு மெனு வரும். 'கன்டினியூ பூட்'டைத் தட்டிக் கடந்துவிடாதீங்க. 'என்ரோல் எம்.ஓ.கே.' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த பாஸ்வேர்டை அடிக்கணும். அடிக்காவிட்டால் டிரைவர் இருந்தும் கெர்னல் உள்ளே விடாது.

ஆர்டுயினோ எங்கே ஓடியது?

இது நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்கு மட்டும். ஆர்டுயினோ போர்டைச் செருகினால் 'பெர்மிஷன் டினைடு' என்று வருகிறதா? உங்க யூஸர் பெயரை 'டயல்அவுட்' என்ற குரூப்பில் சேர்த்து, ஒரு தடவை லாக் அவுட் ஆகி வாங்க.

இன்னொரு வேடிக்கை. விலை மலிவான போர்டுகளில் சி.ஹெச். 340 என்ற சிப் இருக்கும். உபுண்டு 22.04-ல் இதைச் செருகியதும் போர்ட் ஒரு நொடி வந்துவிட்டு மாயமாகிவிடும். பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் டிஸ்ப்ளேவை இயக்குகிற பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற சாஃப்ட்வேர், அதே அடையாள எண்ணைப் பார்த்து 'நம்ம ஆள்' என்று பிடித்துக்கொள்வதுதான் காரணம். பிரெய்ல் டிஸ்ப்ளே பயன்படுத்தாதவர்கள் அந்தப் பேக்கேஜை நீக்கினால் போர்ட் திரும்பிவிடும்.

இதெல்லாம் மல்லுக்கட்டாதீங்க!

சிலதுக்கு மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். கைரேகை சென்சார் நிறைய மாடல்களில் வேலை செய்யாது. பிரின்டரில் ஹெச்.பி. பெரும்பாலும் சமத்து. ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கிற கேனான் எல்.பி.பி. 2900 தனி டிரைவர் கேட்டு அடம்பிடிக்கும். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் ரெண்டுக்கும் லினக்ஸ் வெர்ஷன் கிடையாது. மேட்லேப்புக்கு உண்டு.

ரொம்ப முக்கியமான ஒன்று, கேம்பஸ் பிளேஸ்மென்ட். ஆன்லைன் டெஸ்ட்டுக்குப் பயன்படுத்துகிற கண்காணிப்பு சாஃப்ட்வேர்களில் சில விண்டோஸில் மட்டும்தான் ஓடும். சேஃப் எக்ஸாம் பிரவுஸரும் விண்டோஸ், ஆப்பிள் மெஷின்களுக்கு மட்டுமே. டெஸ்ட் அன்று காலையில் இது தெரியவந்தால் வேலையே கைவிட்டுப் போகலாம். ஸோ, மூன்றாம் வருஷம், நான்காம் வருஷம் படிக்கிறவர்கள் விண்டோஸை முழுசா அழிக்காமல் ஒரு ஓரத்தில் வைத்திருங்க. முடியாதவர்கள், தேதி அறிவித்த அன்றே பிளேஸ்மென்ட் ஆபீஸில் கேட்டு, காலேஜ் லேபில் எழுத முன்கூட்டியே அனுமதி வாங்கிடுங்க.

கடைசியா ஒரு டிப்ஸ்! அப்டேட் போட்ட மறுநாள் ஏதாவது சொதப்பினால் பதறி ஃபார்மேட் பண்ண வேண்டாம். பூட் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் பழைய கெர்னல் அங்கேயே இருக்கும். அதில் நுழைந்து அன்றைய அஸைன்மென்ட்டை முடிச்சுட்டு, நிதானமா பிரச்னையைப் பாருங்க. சீனியரிடம் உதவி கேட்கும்போது லேப்டாப் மாடல், சிப்பின் எட்டு இலக்க அடையாளம், கெர்னல் வெர்ஷன் (யுநேம் ஹைபன் ஆர் அடித்தால் வரும்), அப்படியே காப்பி பண்ணின எரர் மெசேஜ், கடைசியா நீங்க மாற்றின விஷயம்... இந்த அஞ்சையும் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்தில் பதில் கிடைக்க சான்ஸ் அதிகம்.

என்ன, பென் டிரைவ் ரெடியா? இன்னைக்கு ராத்திரி லைவ் மோடு மட்டும் போட்டுப் பாருங்க. இன்ஸ்டாலை இன்டர்னல் எக்ஸாம் முடிஞ்சு வெச்சுக்கலாம். ஆல் தி பெஸ்ட்!