நதியை நெறிப்படுத்திய சட்டம்

மாலையில் விளக்கை ஏற்றும்போது, அவ்வொளியின் பின்னே ஒரு சட்டம் நிற்கிறது என்று நாம் எண்ணுவதில்லை. ஆறும் நிலக்கரியும் இயற்கை அளித்த செல்வங்கள். ஆனால், அவற்றின் பயனை நுகர்வோர் யார், அதற்காக இழப்பைத் தாங்குவோர் யார் என்பதை இயற்கை வகுப்பதில்லை. சட்டம் இயற்றுவோரே வகுக்க வேண்டும். அப்பணியின் அருமையை அறியத் தாமோதர் நதியின் வரலாறு ஒன்றே போதும்.

சோட்டா நாகபுரி மேட்டு நிலத்தில் தோன்றி, நிலக்கரி வயல்களினூடே பாய்ந்து, வங்கச் சமவெளியில் இறங்கி, ஹூக்ளியில் கலப்பது தாமோதர். அடிக்கடி கரைபுரண்டு ஊர்களை அழித்தமையால் அதனை 'வங்கத்தின் துயரம்' என்றே மக்கள் அழைத்தனர். 1943 ஜூலையில் அதன் கரை உடைந்தபோது இருப்புப் பாதையும் பெருஞ்சாலையும் துண்டிக்கப்பட்டன. போரும் பஞ்சமும் ஒருங்கே வாட்டிய ஆண்டு அது.

அப்பொழுது வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை அவர் வகித்த அப்பொறுப்பில் மின்சாரமும் நீர்ப்பாசனமும் சுரங்கங்களும் அடங்கியிருந்தன. மின்சாரம் எதற்கு என்ற வினாவுக்கு அவர் தெளிவான விடை வைத்திருந்தார்: தொழில் பெருகுவதற்கு, தொழில் பெருகுவது, மக்கள் வறுமைச் சுழலினின்றும் மீள்வதற்கு. வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், நீர்வழிப் போக்குவரத்து ஆகிய நான்கையும் தனித்தனியே பாராமல், நதி முழுவதையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் இதற்கு முன்மாதிரியாயிற்று. அங்குப் பணிபுரிந்த பொறியாளர் வூர்டுவின் 1944-ல் தாமோதர்த் திட்டத்தை வரைந்தார். 1945-ல் வங்காள, பீகார் அரசுகளுடன் கல்கத்தாவில் மாநாடுகள் கூட்டப்பட்டன.

சிக்கல் யாதெனில், அணைக்காக நிலம் மூழ்குவது பெரிதும் மேற்பகுதியிலுள்ள பீகாரில். வெள்ளத்தினின்று காப்பு வங்கத்துக்கு. ஆறோ மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எனவே இரு மாகாணங்களின் இசைவைப் பெற்றே 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் இயற்றப்பட்டது. மின்சாரத்துக்கான மூலதனத்தை மத்திய அரசும் இரு மாகாண அரசுகளும் சமமாக ஏற்க வேண்டும். வெள்ளத் தடுப்புச் செலவில் 14 கோடி ரூபாய் வரை மத்திய அரசும் மேற்கு வங்கமும் சரிபாதியாக ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்டது மேற்கு வங்கத்தின் பொறுப்பு. பயன் பெறுவோரே செலவையும் ஏற்க வேண்டும் என்ற நீதி இவ்வாறு எண்களில் எழுதப்பட்டது.

1953-ல் திலையா, 1955-ல் கோனார், 1957-ல் மைத்தான், 1959-ல் பாஞ்சேத் என நான்கு அணைகள் எழுந்தன. பாஞ்சேத்தைத் திறக்கும் விசையை, அங்கு உழைத்த சந்தால் பெண் ஒருவரையே இயக்கச் செய்தார் நேரு.

எனினும், நீரில் மூழ்கிய நிலத்தை விட்டு வெளியேறியோர் பல்லாயிரவர். அவர்களுள் பழங்குடியினரும் பலர். அரசுகளுக்கிடையே செலவை நுணுக்கமாகப் பங்கிட்ட சட்டம், குடியிழந்தோரின் மறுவாழ்வை அவ்வாறு வகுக்கவில்லை. நிலம் எடுத்தால் மறுவாழ்வும் அளித்தல் கடமை என்று நாடாளுமன்றம் பொதுச்சட்டம் இயற்றியது 2013-ல்தான். அதிலும் தாமோதர்ச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்கள் முதலில் விலக்கி வைக்கப்பட்டன; இழப்பீடும் மறுவாழ்வும் அவற்றுக்கு உரியனவாக விரிவாக்கப்பட்டது 2015-ல்.

ஒரு நதியை நெறிப்படுத்தச் சில ஆண்டுகள் போதுமாயின. அதன் இழப்பை ஏற்றவர்க்கு நீதி வகுக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இயற்கை வளம் பற்றி மன்றத்தில் ஒரு மசோதா வரும்போது, எத்துணை மின்சாரம் கிடைக்கும் என்பதோடு, அதற்காக எவர் வீடு இருளும் என்றும் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். அவர்களை அவ்வாறு கேட்கச் செய்வது வாக்காளராகிய நம் கடமை.