காரை விட இன்சூரன்ஸ் பெருசு!

மக்களே, டெக்சாஸ் வந்த ரெண்டாவது மாசம் ஒரு பழைய கொரோலா வாங்கினேன். ஊர்ல அஞ்சு வருஷம் ஓட்டினதெல்லாம் இங்க கணக்குலயே வராதாம்! ஆறு மாச இன்சூரன்ஸுக்குக் கேட்ட தொகையில தலை சுத்திடுச்சு.

டெக்சாஸ் லைசென்ஸ் எடுத்துட்டு நாலு இடத்துல விசாரிச்சதும் கொஞ்சம் இறங்கிச்சு. சட்டப்படி குறைந்தபட்சம் போதும்னு நினைச்சேன்: காயத்துக்கு ஆளுக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, அடுத்தவர் வண்டி, உடைமைக்கு 25,000.

கூட இருக்குற அண்ணன் கேட்டார்: "இடிச்சது புது வண்டின்னா 25,000 பத்துமா? மிச்சத்தை யாரு கட்டுவா?"

வீட்டை அடமானம் வச்சு அனுப்பின அப்பா ஞாபகம் வந்தார்.

என் ஓட்டை வண்டியோட சேதத்துக்கான கவரேஜை விட்டுட்டு, அடுத்தவங்களுக்கானதைக் கூட்டிட்டேன். ஆறு மாசப் பணத்தை மொத்தமா கட்டினதுல தள்ளுபடி வேற.

புதுசா வர்றவங்க, மலிவுக்கு ஆசைப்பட்டு அதுல மட்டும் கை வைக்காதீங்க :-)